பெறாத பிள்ளையின் படிப்பு

கற்பிட்டி, முந்தல், உடப்பு என நம் கரையோர ஊர்களில், காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிப் பாடசாலைக்கு அனுப்புவது பல வீடுகளில் தாயல்ல. உம்மம்மா, அம்மம்மா அல்லது சாச்சி. தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலையில் இருப்பார். தந்தை பருவத்துக்கேற்ப வாடி மாறும் கடற்றொழிலாளியாக இருப்பார்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்துக்கு வந்தபோது, ஓலைக் கொட்டில்களிலிருந்தும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். வசதியில்லாவிட்டாலும் கல்வியைக் கைவிடக் கூடாது என்பது நம் மண் கண்ட பாடம்.

"எனக்கு எழுத்து வாசனை இல்லையே, எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று மூதாட்டிகள் கவலைப்படுவதுண்டு. சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். "இண்டைக்கு என்ன படிச்சாய், எனக்கும் சொல்லு மகள்" என்று கேளுங்கள். சொல்லச் சொல்லப் பாடம் மனதில் பதியும். பிள்ளை தடுமாறும் இடத்தை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டு நிலைமையை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். தாய் பயணம் போன வாரங்களில் பிள்ளை கொப்பியைத் திறக்காமல் இருந்தால் அது சோம்பலல்ல, ஏக்கம். பெற்றோர் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் போவது நல்லது. தாய் தொலைபேசியில் பேசும்போது, அனுப்பிய பொருளைப் பற்றி மட்டுமல்ல, படித்த பாடத்தைப் பற்றியும் விசாரிக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றை வளர்ப்பவர் கையில் கொடுத்துவிட்டே தாய் புறப்பட வேண்டும். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை நாடுங்கள். உறவினரிடமோ வேறு தகுந்த ஒருவரிடமோ பிள்ளையை நீதிமன்றம் ஒப்படைக்க 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே வழி செய்தது. பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சகோதரிகளே, கடைசியாக ஒன்று. வளர்க்கும் பிள்ளைக்குக் கொத்தும் குடமும், சொந்தப் பிள்ளைக்குக் கொப்பியும் புத்தகமும் என்று பிரிக்காதீர்கள். விளக்கடியில் இருவருக்கும் ஒரே பாயை விரியுங்கள். "நீயும் எங்கட பிள்ளை" என்பதை வாயால் சொல்வதைவிட அந்தப் பாய் நன்றாகச் சொல்லும்.