கடலூருக்கு எந்தக் காந்தம்?

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் நின்று நான் அதிகம் பேசியது ஊக்கைப் பற்றித்தான். சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் அம்மாக்களின் தாலிக் கயிற்றில் நாலைந்து ஊக்கு தொங்கும். "தாலியைக் கழட்ட மாட்டேன் தம்பி" என்பார்கள். "மஞ்சக் கயிறு இருக்கட்டும்மா, ஊக்கை மட்டும் எடுத்துடுங்க" என்பேன். எந்திரத்தின் காந்தத்துக்கு ஊக்கே பறக்கும் என்றால் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன இளைஞர் உயிரிழந்தார். ஸ்கேன் நடக்காத நேரத்திலும், நடுராத்திரியிலும், அந்தக் காந்தம் காந்தம்தான்.

உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு காந்தத்துக்குள் ஒரே திசைக்குச் சாயும். ரேடியோ அலையால் அவற்றைக் கலைத்துவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை தரும். மூளை, ஜவ்வு, கட்டி என்று ஒவ்வொன்றும் திரும்பும் வேகம் வேறு. படம் அந்த வித்தியாசத்தில்தான் பிறக்கிறது. எக்ஸ்-ரே கதிர் கிடையாது. டமடம சத்தம், இடத்தைக் குறிக்க வைத்த கம்பிச்சுருள்களில் மின்சாரம் மாறிமாறிப் பாயும்போது அவை அதிர்வதால் வருகிறது.

காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். வழக்கமான 1.5 டெஸ்லா எந்திரத்தின் காந்தச்சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் கிடக்கும். குளிரூட்டி நிற்கக்கூடாது, கரண்ட் போய் நின்றால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த மாவட்டத்தில் காந்தம் வாங்குகிறவர் ஜெனரேட்டரையும் டீசலையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.

பிரான்சின் சாக்லே ஆய்வு மையம் 2024-ல் 11.7 டெஸ்லா எந்திரத்தில் எடுத்த மூளைப் படங்களை வெளியிட்டது. காந்தம் மட்டும் 132 டன். பிரமிப்புதான்; நமக்கு அதனால் இப்போதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதே ஆண்டு ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் எட் வூ குழு 0.05 டெஸ்லா எந்திரத்தைச் செய்து காட்டியதுதான் எனக்குச் சேதி. நிரந்தரக் காந்தம், ஹீலியம் வேண்டாம், தடுப்புச் சுவர் போட்ட தனி அறை வேண்டாம். சாதாரண பிளக்கில் செருகினால் ஓடும். அதிகபட்சம் 1,800 வாட், ஒரு பெரிய ஹீட்டர் அளவு. பெங்களூரில் வாக்செல்கிரிட்ஸ் நிறுவனம் ஜோஹோ முதலீட்டோடு வேறு வழியில் போகிறது: 1.5 டெஸ்லாவேதான், ஆனால் திரவ ஹீலியம் இல்லாமல்.

காந்தம் பலவீனமானால் சமிக்ஞையும் பலவீனம். ஹாங்காங் குழு அதைச் செயற்கை நுண்ணறிவால் ஈடுகட்டியது. அக்கம்பக்கத்து மின் இரைச்சலை நீக்கியதும் அதுதான். இங்கேதான் எனக்கு உறுத்தல். கணினி படத்தைச் சீராக்கும்போது சின்னக் கட்டியையும் சேர்த்து வழித்துவிடலாம், இல்லாததை வரையலாம். 2020-ல் வேகார்ட் அன்துன் குழுவின் ஆய்வு இப்படிப்பட்ட பிழைகளை எடுத்துக்காட்டியது. ரேடியாலஜிஸ்ட் என்ன, படத்தை எடுக்கும் நாங்களே அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தப்பான படமும் அழகாகவே இருக்கும்.

ஹாங்காங் சோதனையில் படுத்தவர்கள் 30 ஆரோக்கியமானவர்கள். எங்களிடம் வருபவர்களோ பக்கவாதம், முதுகுத்தண்டுக் காசநோய், டூவீலரில் விழுந்து கிழிந்த முழங்கால் ஜவ்வு. ஒரே நோயாளியை 1.5 டெஸ்லா எந்திரத்திலும் 0.05 டெஸ்லா எந்திரத்திலும் கிடத்தி ஒப்பிட வேண்டும். அதற்கு அண்ணாமலை நகர் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல இடம். எங்கள் வாயில் அது இன்னும் பழைய பெயரில் ராஜா முத்தையாதான். காட்டுமன்னார்கோவில், புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் அங்கே ஆள் வருகிறது.