ஒன்று இரண்டாகத் தெரிந்தால்...

கடைக்கு வந்த வாடிக்கையாளர் இருவராகத் தெரிகிறார். பேரேட்டில் ஒரு வரி இரண்டு வரியாகத் தெரிகிறது. "கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது" என்று நாம் நாளைக் கடத்திவிடுகிறோம். திடீரென வரும் இரட்டைப் பார்வை, கண்ணை அசைக்கும் தசை செயலிழந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் உருவம் ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். மூடிய பின்னும் இரண்டாகவே தெரிந்தால், அது பெரும்பாலும் கண்புரை போன்ற வேறு கோளாறு.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. 3 நரம்புகள் அவற்றை இயக்குகின்றன. வெளிப்பக்கத் தசையின் நரம்பு செயலிழந்தால், உட்பக்கத் தசையின் இழுப்பால் கண் மூக்குப் பக்கம் சாய்ந்துவிடும். தராசில் ஒரு தட்டின் எடைக்கல்லை எடுத்தால் மறு தட்டு தாழ்வதைப் போன்றதுதான் இது.

நடுவயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் முக்கியக் காரணங்கள். நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. அடுத்தது தலைக்காயம். கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் கொள்முதலுக்கு இரு சக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசத்தை மறக்கலாகாது.

இரட்டைப் பார்வையுடன் கடுந்தலைவலி, இமை தொங்குதல், கருமணி விரிதல் ஆகியவை சேர்ந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூளை இரத்தக் குழாயில் வீக்கம் இருக்கக்கூடும்.

சர்க்கரையால் வந்த பாதிப்பு பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களில் தானே சரியாகிவிடும். அதனால்தான் டாக்டர்கள் உடனே அறுவை சிகிச்சைக்குப் போவதில்லை. அதுவரை ஒரு கண்ணை மறைத்தோ, பிரிசம் கண்ணாடி அணிந்தோ சமாளிக்கலாம். வண்டி மட்டும் ஓட்டக் கூடாது. ஏறத்தாழ 6 மாதங்கள் கழிந்தும் தேறாமல், கோணல் ஒரே அளவில் நின்றால் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

"கண்ணை வெளியே எடுத்து வைத்துச் செய்வார்களாமே" என்று அஞ்சுபவர்கள் உண்டு. அது வீண் பயம். வெண்விழியின் மேலுள்ள மெல்லிய சவ்வைச் சிறிது திறந்து, இறுகிய தசையைப் பின்தள்ளித் தைக்கிறார்கள். தளர்ந்த தசையைக் குறுக்குகிறார்கள். தசை அறவே செயலிழந்திருந்தால், மேல், கீழ்த் தசைகளை இடம் மாற்றி அதன் வேலையை ஓரளவு செய்ய வைக்கிறார்கள்.

இதனால் நரம்பு உயிர் பெற்றுவிடாது. நேராகப் பார்க்கும்போதும் படிக்கும்போதும் ஒன்றாகத் தெரிவதே குறிக்கோள். பக்கவாட்டில் பார்க்கையில் சிறிது இரட்டை மிஞ்சலாம். சிலருக்கு இரண்டாம் முறையும் அறுவை தேவைப்படும். இதைத் தெரிந்துகொண்டு சம்மதிப்பதே நல்லது.

1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் சென்னையில் உள்ளன. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயிலிலேயே சென்னைக்குப் போய்வரலாம்.

ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கும் நாம், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வோம். கடை ஒரு நாள் பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, கண்ணைக் கவனிப்போம்.