விலைப்புள்ளியின் கடைசி வரி

அசைவூட்டப் படக்கூடங்கள், பொறியியல் ஆலோசனை நிறுவனங்கள் போன்ற சிறுதொழில் வாடிக்கையாளர்கள் சிலர் இன்று ஆறு அல்லது எட்டுக் கணினிகளை ஒன்றாக இணைத்து, ஒரே பெரிய கணினியைப் போல வேலை வாங்குகின்றனர். இதனைக் கணினித் தொகுதி, அதாவது கிளஸ்டர் என்பர். இதற்கெனக் கடன் கோரி வரும் விண்ணப்பங்களில் நாங்கள் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். விலைப்புள்ளியில் பிராசசருக்கும் நினைவகத்துக்கும் விரிவான விவரம் இருக்கும். கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் கருவிகளோ கடைசி வரியில், ‘சுவிட்ச், கேபிள் வகை’ என்று ஒரே தொகையாக முடிந்துவிடும்.

கணினிகளின் விலை 12 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஒவ்வொரு கணினியும் தன் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரவுக்காகக் காத்திருப்பதிலேயே கழித்தால், 4 லட்சம் ரூபாய் மதிப்புள்ள திறன் பயனின்றிக் கிடக்கிறது. ஆனால் மாதத் தவணையோ முழுத் தொகைக்கும் செலுத்தப்பட வேண்டும்.

இச்சிக்கல் புதியதன்று. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் 16 சாதாரணக் கணினிகளைக் கொண்டு ‘பியோவுல்ஃப்’ என்னும் தொகுதியை அமைத்தனர். அன்றைய 10 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு ஒன்று போதாமையால், இணைப்புகளை இணையாகச் சேர்த்துப் பயன்படுத்தினர். 1991இல் பரம் 8000 மீக்கணினியை உருவாக்கிய நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும், பிற்காலப் பரம் கணினிகளுக்கெனப் ‘பரம்நெட்’ என்ற பிணையத்தைத் தானே வடிவமைத்தது.

வேகத்தின் கணக்கு

விநாடிக்கு 1 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு, உச்ச அளவில் 125 மெகாபைட் தரவையே கடத்தும். 1 டெராபைட் கோப்புகளை அனுப்ப 8,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 2 மணி 13 நிமிடங்கள் ஆகும். 10 கிகாபிட் இணைப்பில் இதே வேலை 13 நிமிடங்களில் முடியும். எனினும், தரவு பழைய வகை ஹார்டு டிஸ்க் ஒன்றில் மட்டும் இருக்குமாயின், அந்த டிஸ்க்கின் வேகமே தடையாகிவிடும். 10 கிகாபிட்டுக்குச் செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி வீணாகும்.

வேலைக்கு ஏற்ற தேர்வு

அசைவூட்டப் படங்களில் ஒவ்வொரு கணினியும் தனித்தனிக் காட்சிச் சட்டத்தை உருவாக்குகிறது. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வது குறைவு. சுமை முழுவதும் கோப்புகளை வழங்கும் சர்வர்மீதே விழும். ஆகவே எட்டுக் கணினிகளுக்கு 1 கிகாபிட் இணைப்பும், சர்வருக்கு மட்டும் 10 கிகாபிட் இணைப்பும் தரும் சுவிட்ச் பெரும்பாலும் போதுமானது.

காற்றோட்டம், நீரோட்டம் ஆகியவற்றைக் கணிக்கும் பொறியியல் மென்பொருள்களின் நிலை வேறு. ஒவ்வொரு படியிலும் கணினிகள் சிறுசிறு விடைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இங்கு அளவைவிடத் தாமதமே முதன்மையானது. சாதாரண ஈதர்நெட்டில் பல பத்து மைக்ரோவிநாடிகளாகும் தாமதம், இன்ஃபினிபேண்ட் வகையில் ஓரிரு மைக்ரோவிநாடிகளாகக் குறையும். அதன் விலை அதிகம்; ஆதலின் மென்பொருள் வழங்குநரின் பரிந்துரையை எழுத்தில் பெற்ற பின்னரே அதனை முடிவு செய்க.

விலைப்புள்ளியில் கேட்க வேண்டியவை

• சுவிட்ச், கேபிள், பிணைய அட்டை ஆகியவற்றுக்கு மாதிரி எண்ணுடன் தனித்தனி விலை.

• சுவிட்சின் மொத்தக் கடத்துதிறன். 10 கிகாபிட் வேகமுள்ள எட்டு வாயில்கள் இருபுறமும் முழு வேகத்தில் இயங்க 160 கிகாபிட் வேண்டும்.

• கேபிளின் வகை. 10 கிகாபிட் வேகத்தில் கேட் 6 கேபிள் அதிகபட்சம் 55 மீட்டர் வரையிலும், கேட் 6ஏ கேபிள் 100 மீட்டர் வரையிலும் பயன்படும்.

• நாளைய விரிவாக்கத்துக்குச் சில கூடுதல் வாயில்கள்.

• சுவிட்சுக்கும் யுபிஎஸ் இணைப்பு. அது நின்றால் தொகுதி முழுவதும் நின்றுவிடும்.

இயன்றால், வாங்குமுன் உங்கள் உண்மையான வேலை ஒன்றை வழங்குநரின் இரண்டு கணினிகளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கணினியில் ஆகும் நேரத்தையும் இரண்டில் ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டால், பிணையம் தடையாக உள்ளதா என்பது பெருமளவு விளங்கிவிடும். அந்த விடையையும் பிரித்தெழுதிய விலைப்புள்ளியையும் விண்ணப்பத்துடன் கொண்டு வாருங்கள். சுவிட்சையும் யுபிஎஸ்ஸையும் திட்டச் செலவில் தொடக்கத்திலேயே சேர்த்துக் காட்டினால், பின்னர் அவற்றுக்கெனத் தனியே கடன் கோர வேண்டிய நிலை எழாது.