கைமாறிய எஸ்.யூ.வி. வண்டியைத் தெரிந்தெடுத்தல்: சிறு பாரம் இழுப்பதற்கும் குடும்ப உபயோகத்துக்கும்

காவேரிப்பட்டினம் வட்டாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடித்தனக்காரர் பலர், பழைய எஸ்.யூ.வி. வண்டி ஒன்றை வாங்கி, வருஷம் முழுவதும் குடும்பத்துக்கும், காய்ப் பருவத்தில் மாங்காய்ப் பெட்டி ஏற்றிய சிறு டிரெய்லரை இழுப்பதற்கும் உபயோகிக்கலாமென்று உத்தேசிக்கிறார்கள். உத்தேசம் தவறன்று. இருபது பெட்டி காய்க்காக டிராக்டரை நான்குவழிச் சாலையில் ஏற்றி, பின்னால் வரும் லாரிகளுக்கெல்லாம் இடைஞ்சலாகக் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வரையில் ஓட்டிப் போவது சிலாக்கியமான காரியமல்ல. மருந்து தெளிக்கும் இயந்திரம், பழுதான பம்புசெட்டு, தீவனக் கட்டு ஆகியவற்றுக்கும் சிறு டிரெய்லர் போதும்.

ஆனால் வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைச் சக்தி?" என்பதாகவே இருக்கிறது. இழுக்கும் விஷயத்தில் அது கடைசியாகக் கேட்கத்தக்க கேள்வி. எழுபத்தைந்து குதிரைச் சக்தியுள்ள பொலேரோவும் அறுநூறு கிலோவை வருத்தமின்றி இழுத்துவிடும். கஷ்டமெல்லாம் இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. ஆகையால் வாங்குகிறவர் முதலாவது பிரேக்கையும், இரண்டாவது சட்டத்தையும், மூன்றாவது காகிதங்களையும் பார்த்து, அதன் பிறகே எஞ்சினுக்கு வர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு டிரெய்லர் வெறுமையாய் 250 கிலோ. இருபது கிலோ வீதம் இருபது பெட்டிக் காய் 400 கிலோ. ஆக 650 கிலோ. வண்டி சுமார் 1,600 கிலோ. ஏழு பேர் ஏறினால் இன்னும் 400 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் இரண்டரை டன்னுக்கு மேல் போகிறது. ஆனால் பிரேக்கு இருப்பதோ வண்டியின் நான்கு சக்கரங்களில் மட்டுமே. சிறு டிரெய்லர்களில் பிரேக்கு வைப்பது நம் பக்கத்தில் அபூர்வம். ஐரோப்பிய நாடுகளில் தனிப் பிரேக்கு இல்லாத டிரெய்லருக்கு மொத்த எடை 750 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நாமும் அதைத் தாண்டாமலிருப்பது நல்லது. வேகம் கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி அதே அளவில் கூடுவதில்லை, அதன் வர்க்கமாய்க் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வேண்டியதைப்போல் 60-ல் இரண்டேகால் மடங்கும், 80-ல் நான்கு மடங்கும் வேண்டும்.

இது நம் ஜில்லாவில் வெறும் புத்தகக் கணக்கன்று. காவேரிப்பட்டினத்திலிருந்து சேலம் போகிறவர் தருமபுரிக்கு அப்பால் தொப்பூர்க் கணவாயில் இறங்கியே தீர வேண்டும். ஓசூர், பெங்களூர் பக்கம் போய்த் திரும்புகிறவர் சூளகிரிக்கு இப்புறம் மேலுமலைச் சரிவில் இறங்க வேண்டும். தொப்பூரில் நடந்த விபத்துக்களை யாவரும் அறிவர். நீண்ட சரிவில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால், லைனிங் காய்ந்து, பிரேக்கெண்ணெய் கொதித்து, மிதிகட்டை பிடிக்காமற் போகும். டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் விட்டு இறங்கும் வழக்கத்தைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. எந்தக் கியரில் அச்சரிவை ஏறுவோமோ அதே கியரில் இறங்குவதே முறை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். ஆகவே வண்டியைச் சோதித்துப் பார்க்கும்பொழுது சமபூமியில் நூறு கிலோமீட்டர் வேகம் ஓட்டிக் காட்டுவதில் பிரயோஜனமில்லை. தரகரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கீழே இறங்கியதும் மிதிகட்டை முன்போலவே கெட்டியாய் நிற்கிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, சக்கரத்தில் தீய்ந்த வாடை வருகிறதா என்று பாருங்கள்.

இனிச் சட்டம். எஸ்.யூ.வி. என்று ஒரே பெயரால் அழைக்கப்படினும் இவ்வண்டிகள் இரண்டு ஜாதி. ஏணியைப்போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் கூண்டை உட்கார வைத்துச் செய்தவை ஒன்று. கூண்டே சட்டமாய், ஒரே உடலாகச் செய்தவை மற்றொன்று. 2000-இல் வெளிவந்த மகிந்திரா பொலேரோ, 2002-இல் வந்த ஸ்கார்ப்பியோ, 1994 முதல் 2019 வரையில் உற்பத்தியான டாட்டா சுமோ, டொயோட்டா குவாலிஸ், அதன் பின் 2005-இல் வந்த இன்னோவா, 2016-இல் வந்த கிரிஸ்டா ஆகியவை ஏணிச்சட்ட வண்டிகள். ஹூண்டாய் கிரெட்டா, ரெனால்ட் டஸ்டர், மகிந்திரா எக்ஸ்.யூ.வி. 500 ஆகியவை ஒரே உடல் வண்டிகள். பெயர் ஒன்றாயிருந்தால் ஜாதியும் ஒன்றென்று எண்ணலாகாது. 2019 வரையில் வந்த டாட்டா சபாரி ஏணிச்சட்டம், 2021-இல் அதே பெயரில் வந்தது ஒரே உடல். அப்படியே இன்னோவா ஹைகிராசும் ஏணிச்சட்டமல்ல.

ஒரே உடல் வண்டிகள் இழுக்கவே மாட்டா என்பதில்லை. அயல்நாடுகளில் உற்பத்தியாளரே கொடுத்த கொக்கியுடன் அவையும் இழுக்கின்றன. ஆனால் நம் ஊர்ப் பட்டறையில் கொக்கி மாட்டுவதற்கு அவற்றில் நம்பத்தக்க இடம் கிடையாது. ஏணிச்சட்டத்தின் இரண்டு நெடுஞ்சட்டங்களிலும் போல்ட்டு போட்டுக் கொக்கியைப் பிடித்தால்தான் இழுப்பு சட்டத்தின்மேல் சேரும். பின்பக்கப் பம்பரில் ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் வைத்துவிட்டுக் கொக்கி என்று சொல்வதைப் பல இடங்களில் காண்கிறோம். அவ்வாறு வைத்த கொக்கியொன்று வாய்க்கால் கரை மேட்டில் பம்பரோடு பிடுங்கிக்கொண்டு வந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். டிரெய்லர் வாய்க்காலில் இறங்கிற்று. மனிதர் எவரும் பின்னால் இல்லாதது தெய்வச் செயல். கொக்கியுடன் பாதுகாப்புச் சங்கிலி ஒன்று குறுக்காகக் கட்டாயம் இருக்க வேண்டும். கொக்கி போடுவதற்கு முன், வண்டியுடன் வரும் கைப்புத்தகத்தில் இழுவைக்கு அனுமதி உண்டா, எத்தனை கிலோ வரை என்று பார்க்க வேண்டும். இழுக்கக் கூடாதென்று எழுதியிருந்தால் அவ்வண்டியைக் குடும்பத்துக்கு மட்டும் வைத்துக் கொள்வதே சரி. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாதென்கிறது. ஆகையால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்தால் பின்னால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியுடன் வழக்காட நேராது.

டிரெய்லரில் பாரம் ஏற்றும் முறையும் இங்கே சொல்லத்தக்கது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் இறங்க வேண்டும். மேலே சொன்ன 650 கிலோவுக்கு 65 கிலோ. பெட்டிகளைப் பின்புறமாக அடுக்கினால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். வேகம் கூடினதும் வால் ஆடத் தொடங்கி, வண்டியின் பின்புறத்தையும் சேர்த்து ஆட்டிவிடும். ஆடத் தொடங்கினால் பிரேக்கைப் பலமாக மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெள்ள எடுக்க வேண்டும். மூக்கில் இறங்கும் அந்த 65 கிலோ, வண்டியின் பின் அச்சுக்கு அப்பால் இறங்குகிறது என்பதை மறக்கலாகாது. கடைசி வரிசையில் ஆட்களும் இருந்தால் பின் கமான்பட்டை தாழ்ந்து, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். டிரெய்லர் மாட்டிய நாளில் கடைசி வரிசை காலியாயிருக்கட்டும். டிரெய்லரில் கூலியாட்களையோ பிள்ளைகளையோ ஏற்றுவதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடவே கூடாது.

குடும்பத்தை உத்தேசித்துப் பார்க்கும்போது, பழைய பொலேரோவிலும் ஸ்கார்ப்பியோவிலும் பின்னால் எதிரெதிராய்ப் பக்கவாட்டில் போட்ட ஆசனங்கள் பெரிய குறை. அவற்றில் பெல்ட்டு இல்லாமல் குழந்தைகளை உட்காரவைத்தால், மோதுகிற கணத்தில் அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. முன்னோக்கிய ஆசனமும் பெல்ட்டும் உள்ள வண்டிக்குச் சிறிது அதிகம் கொடுத்தாலும் தகும். புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. ஆகையால் 2019 நடுவுக்குப் பின் செய்த வண்டியா, முன் செய்ததா என்பதே விலையைவிடப் பெரிய பேதம். பணம் இடங்கொடுக்குமானால் பின்னதையே தேடுக. ஆனால் 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. தோட்டத்துக்கும் வீட்டுக்குமாகத் தினம் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். இடையிடையே நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓட்ட வேண்டும்.

உதிரிப்பாகம் கிடைப்பதையும் யோசிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆகவே டவேரா மலிவாய்க் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. காவேரிப்பட்டினத்திலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள மெக்கானிக் வாரத்துக்கு எந்த வண்டிகளைக் கழற்றிப் பூட்டுகிறாரோ அவற்றில் ஒன்றை வாங்குவதே யுக்தி.

காகிதங்களின் சங்கதி இவ்வெல்லைப்புறத்தில் விசேஷமானது. பெங்களூர் பக்கத்தில் வண்டிகள் ஏராளம், நல்ல நிலையிலும் கிடைக்கும், விலையும் சற்று இறங்கி வரும். ஆனால் கே.ஏ. எண்ணுள்ள வண்டியின் விலையோடு, நம் ராஜ்யத்தில் வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டிய ஆயுள் வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே மலிவா அல்லவா என்று சொல்ல முடியும். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மிகுதியைத் திரும்பக் கேட்பதற்கு வழி உண்டு. அதற்கான ஒத்துழைப்பை விற்கிறவரிடம் பணம் கொடுக்குமுன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேற்று ராஜ்யத்துப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டுமென்பது 47-ஆவது பிரிவு. அது கடைசி எல்லை. பெயர் மாற்றத்துக்கு அதுவரையில் காத்திருக்கலாமென்று அர்த்தமன்று. வாங்கினவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரின் ஊர் அலுவலகம் படிவம் 28-இன்பேரில் கொடுக்கும் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடவாது. அச்சான்று கைக்கு வரும்வரையில் முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது. கடன் பேரில் எடுத்த வண்டியானால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 கேட்டு வாங்குக. கிருஷ்ணகிரி எண் டி.என்.24, ஓசூர் எண் டி.என்.70. கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-இல்தான். ஆகவே மிகப் பழைய உள்ளூர் வண்டி தருமபுரியின் டி.என்.29 எண்ணோடிருந்தால் சந்தேகிக்க வேண்டாம்.

விற்கிறவரும் இதில் அசட்டையாயிருக்கக் கூடாது. பெயர் மாற்றாமல் பல கை மாறிய வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளியென்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாயிருக்கும் குடித்தனக்காரர் இதைக் கவனிப்பாராக. இறந்துபோன தகப்பனார் பெயரிலுள்ள வண்டியை விற்பதற்கு முன், வாரிசுச் சான்று பெற்றுப் படிவம் 31-இன்படி வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள், வாரிசு விசாரணைக்குப் போகும்போது நிலத்தோடு வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் குடும்பங்களுக்குப் பின்னால் வரும் தொல்லை குறையும்.

வண்டியைப் பார்வையிடும்போது வெள்ளத்தில் மூழ்கியதா என்று சோதிப்பது அவசியம். 2015-லும் 2023-லும் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூரிலும் அநேக வண்டிகள் நீரில் நின்றன. அவற்றிற் சில துடைத்து மெருகிட்டு வெளியூர்ச் சந்தைக்கு வருவதுண்டு. பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துப் பார்த்தால் அடிநுனியில் சேற்றுக் கோடு தெரியும். ஆசனத்தின் கீழுள்ள போல்ட்டுகளில் துரு, டேஷ்போர்டின் உட்புறம் வண்டல், முகர்ந்தால் ஈரப் பூசண வாடை ஆகியவை அடையாளம். பிறகு வண்டியின் அடியில் படுத்து, சட்டத்தில் புதிதாய்த் தார்ப்பூச்சு பூசியிருந்தால், அதன்கீழ் வெல்டிங் தையல் இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். முன்பே பாரம் இழுத்த வண்டியானால் கிளச்சு தேய்ந்திருக்கும். கைப்பிரேக்கைப் போட்டு மூன்றாம் கியரில் கிளச்சை மெள்ள விட்டால் எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டேயிருந்தால் கிளச்சுத் தட்டு மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

கடைசியாக டிரெய்லர். சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனமே, பதிவு உண்டு. பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டதும் ஓட்டிவிடலாமென்று எண்ண வேண்டாம். பின்விளக்கு, திருப்ப விளக்கு, பிரேக்கு விளக்கு மூன்றும் வண்டியோடு கம்பி இணைத்து எரிய வேண்டும். சொந்தக் காயை ஏற்றுவது வேறு, அயலார் காயை வாடகைக்கு ஏற்றுவது வேறு. பின்னதற்குச் சொந்த உபயோக இன்ஷ்யூரன்ஸ் உதவாது. வண்டி வாங்கின பதினான்கு நாளுக்குள் இன்ஷ்யூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றும்படி கம்பெனிக்கு எழுதும்போதே, டிரெய்லர் இழுக்கும் உத்தேசத்தையும் அதில் தெரிவித்து, பதிலை எழுத்து மூலமாய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.