அழித்தற்கும் ஓர் இலக்கணம்

ஒரு வேலையைச் செய்யென ஏவுதல் எளிது. ஏவிய வேலையை முறைப்படி நிறுத்துதல் அத்துணை எளிதன்று. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கெனக் கருவிகள் சமைப்போர் இன்று எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் இதுவும் ஒன்றாகும். முகவர் என்பது, கேட்டதற்கு விடை கூறுவதோடு அமையாது, தரப்பட்ட கருவிகளைத் தானே தெரிந்தெடுத்துக் காரியமாற்றும் கணினி நிரல். குறித்த நேரத்தில் நடைபெறுமாறு முன்னரே பதிந்துவைத்த பணிகளை நீக்குதற்கு அதனிடம் ஒரு கருவி உண்டு. அக்கருவிக்கு எழுதப்படும் விளக்கக் குறிப்பு பத்து வரிக்குள் அடங்குவது. ஆயினும் அப்பத்து வரிகளும் எத்துணைப் பொறுப்பைச் சுமக்கின்றன என்பதையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

நேரங்குறித்துப் பணி நடத்தும் வழக்கம் கணினிக்குப் புதிதன்று. 1979 ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'கிரொன்' என்னும் நிரல் இடம்பெற்றிருந்தது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்னும் ஐந்தையும் அட்டவணையில் ஒரு வரியிற் குறித்துவிட்டால், அந்நேரம் வருந்தோறும் ஏவல் தானே நிறைவேறும். பின்னாளில் அவ்வட்டவணையைத் திருத்துதற்கு 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும், முற்றாக நீக்குதற்கு 'ஆர்' என்னும் எழுத்தும் குறிகளாயின. தட்டச்சுப் பலகையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்தவை. விரல் சிறிது தவறினால், எவ்வித வினாவும் எழாமலே அட்டவணை முழுவதும் மறைந்துபோகும். நீக்குமுன் உறுதி கேட்கும் வேறொரு குறியும் சில பதிப்புகளிற் சேர்க்கப்பட்டது.

மனிதனுக்கு விரல் தவறும். முகவருக்குப் பொருள் தவறும். 2024 நவம்பரில் அந்திரொப்பிக் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொக்கோல்' என்னும் நெறியில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், விளக்கத்தையும், தான் ஏற்கும் உள்ளீடுகளின் வடிவத்தையும் அறிவிக்கின்றது. கருவியின் உட்புறத்தை முகவர் காண்பதில்லை. அவ்விளக்கமே அதற்கு ஆசான். ஆசான் தெளிவின்றிப் பேசின் மாணாக்கன் பிழைபடுதல் இயல்பே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். முதியவர் ஒருவருக்கு நாள்தோறும் காலை 8 மணிக்கு மருந்தை நினைவூட்டும் பணி பதியப்பட்டுள்ளது எனக் கொள்வோம். "நாளைக் காலை அப்பா மருத்துவமனையில் இருப்பார், நினைவூட்டல் வேண்டாம்" என்கிறாள் மகள். நீக்கவேண்டியது நாளைய முறை ஒன்றே. கருவியோ தொடர் முழுவதையும் நீக்குவது. ஒரு முறையை மட்டும் விலக்க அறியாதது. இதனை விளக்கம் சொல்லாதுவிடின், முகவர் தொடரையே நீக்கி, "நீக்கிவிட்டேன்" என்று பணிவுடன் விடை பகரும். மறுநாள் மௌனம் எவருக்கும் ஐயந் தராது. அதற்கடுத்த நாள்களின் மௌனத்தையும் எவரும் உடனே உணரார். தவறாக நடந்த செயல் ஓசையிடும். நடவாது போன செயல் ஓசையிடாது. இத்தீங்கைத் தடுக்கவல்லது விளக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்.

இன்னுஞ் சில செய்திகளும் இன்றியமையாதன. பணியைப் பெயராற் சுட்டாது, அதற்குரிய அடையாள எண்ணாற் சுட்டல் வேண்டும். ஒரே பெயரில் மூன்று பணிகள் இருத்தல் கூடும். ஆதலின், முதலிற் பட்டியலைப் பெற்று, எண்ணை உறுதிசெய்த பின்னரே நீக்குக எனல் வேண்டும். நீக்கும் வேளையில் நடந்துகொண்டிருக்கும் பணி இடையில் நிற்குமா, முடிந்தே ஓயுமா என்பதைக் கூறல் வேண்டும். நீக்கியதை மீட்க இயலாதெனின் அதனையும் மறைக்கலாகாது.

முன்னரே நீங்கிய பணியை மீண்டும் நீக்க ஏவினால் யாது நிகழும்? இணையத்துக்குரிய எச்.ரி.ரி.பி. நெறியில், நீக்கல் ஏவலை ஒருமுறை விடுப்பினும் பலமுறை விடுப்பினும் கருதிய விளைவு ஒன்றே என 2022 இல் வெளிவந்த ஆர்.எவ்.சி. 9110 வரையறுக்கின்றது. அந்நெறி இங்கும் ஏற்புடைத்தே. எனினும், "நீக்கினேன்" என்பதும் "அப்படியொன்று இல்லை" என்பதும் வெவ்வேறு விடைகளாதல் வேண்டும். இன்றேல், பிழையான எண்ணைக் கொடுத்த முகவர் காரியம் முடிந்ததென அமைந்துவிடும். நிறுத்தவேண்டிய பணியோ தொடர்ந்து நடக்கும்.

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றும் இவ்விளக்கங்களுக்கு அப்படியே பொருந்துவதை எண்ணி நான் வியந்ததுண்டு. குன்றக் கூறின் முகவர் தானே ஊகித்துக்கொள்ளும். மிகைபடக் கூறின் வேண்டிய வாக்கியம் வேண்டாதவற்றுள் அமிழும். மயங்க வைப்பின் ஒன்றை நீக்கென்றால் வேறொன்று நீங்கும்.

ஆசிரியர்கள் மாணாக்கரிடம் வலியுறுத்தும் சொற்செட்டும் பொருட்டெளிவும் பரீட்சை விடைத்தாளுக்கு மட்டும் உரியன அல்ல என்பது இதனாற் புலனாகும். படிப்பவன் மனிதனாயின், ஐயம் நேர்ந்தவிடத்துச் சற்றே நின்று வினவுவான். முகவரோ, நிற்கும்படி எழுதிவைக்காவிடின், நில்லாது செய்து முடித்தலும் கூடும். "ஐயமுறின் நீக்காது, உரியவரை வினவுக" என்னும் வரி, எந்த நீக்கற் கருவியின் விளக்கத்திலும் தலைவரியாக நிற்கத் தக்கது.