ஓர் உயிரணுவுக்குள் ஓர் அபாய மணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கல்லாவி போன்ற ஊர்களில் விவசாயமும் மாடு வளர்ப்பும் சேர்ந்தே நடக்கின்றன. சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து, காற்றுப் புகாத கலனுக்குள் விட்டால், சில வாரங்களில் அடுப்பெரிக்க வாயு கிடைக்கிறது. கோபர் கேஸ் என்று நாம் சொல்லும் இந்த வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். அதைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பாக்டீரியாக்கள் செய்வது முதற்கட்ட வேலை மட்டுமே. அவை சாணத்தைச் சிதைத்து அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன் போன்றவற்றைத் தருகின்றன. இவற்றை மீத்தேனாக மாற்றுபவை ஆர்க்கியா என்ற வேறு நுண்ணுயிர்கள். மாட்டின் இரைப்பையிலும் இவை வாழ்கின்றன.

ஆர்க்கியாக்கள் தனிக் குலம் என்று 1977இல் அறிவித்தவர்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும். அவர்கள் முதலில் பிரித்துக் காட்டியதே மீத்தேன் தயாரிக்கும் இந்த வகையைத்தான். ஆர்க்கியா என்றால் ஒரே ஒரு செல், அதிலும் உட்கரு கிடையாது. ஆனாலும் நிலைமை மாறும்போது அதை உணர்ந்து செல்லின் மற்ற பாகங்களுக்குச் சேதி சொல்லும் மூலக்கூறுகள் இவற்றுக்குள் இருக்கின்றன.

இத்தாலியின் எரிமலைப் பகுதியிலுள்ள அமில வெந்நீர் ஊற்றுகளில் வாழும் சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியாவைப் பார்ப்போம். வைரஸ் உள்ளே நுழைந்து தன் ஆர்.என்.ஏ.வை உருவாக்கத் தொடங்கியதும், சல்ஃபோலோபஸின் கிரிஸ்பர் காவல் அமைப்பு அதை அடையாளம் காண்கிறது. உடனே அதிலுள்ள காஸ்10 என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறுகள் நான்கை எடுத்து ஒரு வளையமாகக் கோக்கிறது. அந்த வளையம்தான் அபாய மணி. செல்லெங்கும் பரவி இன்னொரு புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ள, அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வை வெட்டத் தொடங்குகிறது. வைரஸுடையதா, தன்னுடையதா என்று அது பார்ப்பதில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தால் செல்லே அழிந்துவிடும். ஆகவே நிறுத்தவும் ஒரு வழி வேண்டும். ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் அதைக் கண்டுபிடித்தார்கள். வளையத்தை இரண்டு துண்டாக வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதிகளை சல்ஃபோலோபஸே வைத்திருக்கிறது.

சாக்கடலில் கண்டெடுக்கப்பட்ட ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி என்ற உப்பு விரும்பி ஆர்க்கியாவிடம் இதைவிடச் சிறிய வளையம் இருக்கிறது. இரண்டே அலகுகள் கொண்ட அந்த வளையத்தின் பெயர் சைக்ளிக் டை-ஏ.எம்.பி. அதன் உற்பத்தியைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கினால் செல் சாகிறது என்று ஜெர்மனியின் ஃபிரைபர்க் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். உப்புக் குறைந்த நீரில், இந்த வளையங்கள் குறைவாக உள்ள செல்கள் பெருத்துவிட்டன. உப்பு மாறும்போது செல்லின் நீர்ச்சமநிலையைக் காப்பதில் இதற்குப் பங்கு உண்டு என்று அவர்கள் கருதுகிறார்கள்.

செல்லுக்கு வெளியே போகும் சேதியும் உண்டு. பெய்ஜிங்கில் பீர் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கலனிலிருந்து பிரித்தெடுத்த மீத்தேன் ஆர்க்கியா ஒன்று, தன் இனத்துக்குச் சேதி சொல்லும் மூலக்கூறை வெளியிடுவதைச் சீன ஆய்வாளர்கள் 2012இல் தெரிவித்தார்கள். அதைச் சேர்த்ததும் குட்டையான செல்கள் நீண்ட இழைகளாக வளர்ந்தன. இப்படிப்பட்ட இழைகள் பின்னிச் சேர்ந்த உருண்டைகளே பல கழிவுநீர்க் கலன்களில் மீத்தேன் வேலையைத் தாங்குகின்றன.

கலனில் சாணத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் சேர்ந்து, ஆர்க்கியா தளர்ந்து, வாயு குறைகிறது. இது விவசாயிக்குத் தெரிந்த அனுபவம். அந்த நேரத்தில் செல்லுக்குள் என்ன சேதி ஓடுகிறது என்பதைக் கண்டறிவது ஆய்வாளர்களின் வேலை. இத்தகைய ஆய்வுகளுக்கான ஆர்க்கியாக்கள் நம் ஊர்ச் சாணக் கலனிலும் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் இருக்கின்றன. நுண்ணுயிரியல் படிக்கும் நம் மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, இவற்றையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.