விபரம் சொல்பவரும் சாரம் சொல்பவரும்

ஒரே ஷெல்வீச்சில் தப்பிய இருவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் திகதி, நேரம், ஒழுங்கை, பக்கத்து வளவுக் கிணறு என ஒவ்வொன்றாக அடுக்குவார். மற்றவர், "ஷெல் விழுந்தது, ஓடினோம், தம்பி செத்துப்போனான்" என்று முடித்துவிடுவார்.

சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில், புலன்வழி விபரங்களைப் பற்றுவோர், உள்ளுணர்வால் முழுமையைப் பற்றுவோர் என இவ்வேறுபாட்டை வகுத்தார். இன்றைய உளவியலோ மனிதரை இரு பெட்டிகளில் அடைப்பதில்லை. நுணுக்கம் ஆளுக்காள் கூடிக் குறையும் பண்பு என்றே கொள்கிறது.

ஆனால் அகதி விசாரணை அறை முதலாமவருக்கென்றே அமைந்தது. அங்கே சுருக்கம் சந்தேகத்தைக் கிளப்பும். மறுமுறை திகதி மாறினால் பொய்யாகிவிடும். நினைவு அப்படி இயங்குவதில்லை. 2002இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில், 39 கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் ஒரே சம்பவங்கள் இரு தடவை கேட்கப்பட்டன. அவர்கள் வதிவிட அனுமதி ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள். பொய் சொல்லத் தேவையற்றவர்கள். அவர்களது கூற்றுகளிலும் முரண்பாடுகள் சாதாரணமாகவே காணப்பட்டன. மையச் சம்பவத்தைவிடப் புற விபரங்களிலேயே அவை அதிகம்.

ஆகவே, நினைவில்லாத திகதியை ஊகித்து நிரப்புவதிலும் "நினைவில்லை" என்பதே நேர்மை, பாதுகாப்பும்கூட. அதிகாரிகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. "ஒழுங்காய்ச் சொல்லத் தெரியேல்லை, கேஸ் பொய்யாக்கும்" என்று நம்மவரைப் பற்றி நாமே பேசுகிறோமே! நுணுக்கமாகச் சொல்வது ஒரு சுபாவம். உண்மைக்கு அதுவே அளவுகோல் அல்ல.